சொல், புண், சோறு: கொல்லிமலை மிஷனரிக் கதையை முன்வைத்து

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவருக்கு வல்வில் ஓரி வருவான், கொல்லிப்பாவை வருவாள். எம்.ஏ. தமிழில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பாட்டிலிருக்கும் மலையைப் படித்தோம். மலைமேல் இருக்கும் சனங்களைப் படிக்கவில்லை. ஆங்கிலம் படிக்கும் கிறித்தவ உலகத்துக்கோ கொல்லிமலை என்றால் முற்றிலும் வேறொன்று: ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின், மகன் டாக்டர் பால் பிராண்ட் என்கிற ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் கதை. டாரதி கிளார்க் வில்சன் எழுதிய 'டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்' (1965), 'கிரானி பிராண்ட்' (1976), பால் பிராண்ட் தாமே பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய 'பெயின்: தி கிஃப்ட் நோபடி வாண்ட்ஸ்' (1993) ஆகிய நூல்கள் இந்தக் கதையை உலகம் முழுக்கக் கொண்டு போயிருக்கின்றன. புத்தகத்தைப் படிக்காதவர்களுக்கும் பிரசங்க மேடை வழியாக, ஞாயிறு பள்ளி வழியாகக் கதை வந்து சேர்ந்துவிடுகிறது. எங்கள் அடிவாரத்துச் சேரிக்கும் அப்படித்தான் வந்தது.

இந்தக் கதையை ஒரு பிரதியாக வைத்து வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மிஷனரிகளைத் தூக்கி வைப்பதற்கோ தூற்றுவதற்கோ இங்கே இடமில்லை. அதற்கு ஆட்கள் ஏற்கெனவே இரண்டு பக்கமும் நிறைய இருக்கிறார்கள். 'இரட்சிப்பு ரொம்ப எளிது, விசுவாசித்தால் போதும்' என்கிற வாக்கியம் மலையில் என்ன செய்தது, அடிவாரத்தில் என்ன செய்தது, அந்த எளிமையால் லாபம் அடைந்தவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதே நம் கேள்வி.

முதலில் கதை. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலை ஏறுகிறார். 1913இல் லண்டன் வசதியான குடும்பத்துப் பெண்ணான ஈவ்லினை மணந்து கூட்டி வருகிறார். 1914இல் பால் பிறக்கிறார். வருடக்கணக்கில் ஊர் ஊராக நடக்கிறார்கள், மருந்து கொடுக்கிறார்கள், பிரசங்கம் செய்கிறார்கள். யாரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. முதல் எதிர்ப்பு பூசாரியிடமிருந்து. பிறகு 1918-19இன் விஷக்காய்ச்சல் வருகிறது. உலகமெங்கும் கோடிக்கணக்கில் ஆட்களைக் கொன்ற இன்ஃப்ளூயன்ஸா அது. பூசாரியும் அவர் மனைவியும் படுத்துவிடுகிறார்கள். சொந்த சனமே கிட்ட வரப் பயந்து ஒதுங்கியபோது பிராண்ட் தம்பதிகள் கஞ்சி கொண்டு போகிறார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைக்கிறார். அதற்குப் பிறகு மலையில் சபை தளிர்க்கிறது. 1929இல் மலேரியா முற்றிய காய்ச்சலில் ஜெஸ்ஸி சாகிறார். ஈவ்லின் மிஷனிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் மலைக்குத் திரும்பி வந்து மட்டக் குதிரையில் சுற்றி, 1974இல் 95 வயதில் கண்ணை மூடுகிறார்.

உருக்கமான கதைதான். நானும் சின்ன வயதில் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் மேடையில் இது எப்படி முடிக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 'கள்ளங்கபடமில்லாத மலைச்சனம், எளிமையான சுவிசேஷம், அவர்கள் எளிமையாக நம்பினார்கள்.' அவ்வளவுதான். நான் கேட்ட பிரசங்கங்கள் எதிலும் பூசாரிக்குப் பெயர் இல்லை. 'ஒரு பூசாரி' என்பதோடு சரி. அவர் கும்பிட்ட சாமிக்கும் பெயர் இல்லை, 'அந்தகாரம்' என்பதோடு சரி.

மலைச்சனம் 'எளிய சனம்' என்பது கட்டமைக்கப்பட்ட ஒரு பிம்பம். கொல்லிமலை நாடு நாடாகப் பிரிந்த மலை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு, தின்னனூர் நாடு என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. கவுண்டர், பட்டக்காரர் என்று பதவி உண்டு, பஞ்சாயத்து உண்டு. அங்குள்ள மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்து மலையாளிகள் அல்லர், மலையை ஆளும் மலையாளிகள்) தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய அண்ணன் தம்பிகளின் வழி, வேளாளர் வழி என்று வம்சக்கதை சொல்வார்கள். 1909இல் வந்த தர்ஸ்டனின் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலேயே இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. ஆக, மேலே ஏறினாலும் சாதியின் நிழல் கூடவே ஏறியிருக்கிறது. கடன், காட்டு இலாகா, கீழ்நாட்டு வியாபாரி எல்லாமும் அங்கே உண்டு. சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் பின்னால் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி ஏறிய பொருளாதாரமும் எளிமையானதல்ல. சிக்கலான ஒரு சமூகத்தை 'எளியது' என்று முதலில் சொல்லிவிட்டால்தான் அதற்கு எளிய மருந்து போதும் என்று பிறகு சொல்ல முடியும். காலனியக் கதையாடல்களின் பழைய உத்தி இது.

பிரதிக்குள்ளேயே இதற்கு எதிரான சாட்சி இருக்கிறது. நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. இறங்கி மொள்ளும் கிணற்றில், தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி வழியாக உடம்புக்குள் போகும் புழு, தோலுக்கடியில் ஒரு கெஜ நீளம் வளர்ந்து காலில் கொப்புளமாக உடைத்துக்கொண்டு வரும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், உள்ளேயே அழுகிச் சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில் இழுக்க வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் செய்தது அதைத்தான். அதோடு விடவில்லை. புண்ணுள்ள கால் தண்ணீரில் படாதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் கட்டச் சொல்லிப் போராடினார் என்பது மகனின் நினைவுகளில் வருகிறது. இந்தியா நரம்புச் சிலந்தி ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2000ஆம் ஆண்டில்தான்.

இங்கே ஒரு கேள்வி. விசுவாசித்தால் போதும் என்று பிரசங்கித்த மனிதர் ஏன் கிணற்றுக்குச் சுவர் கட்டினார்? தண்ணீர் கெட்டிருக்கும் வரை புழு வந்துகொண்டே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தனிமனிதனின் காலிலிருந்து புழுவை எடுப்பது ஒரு வேலை, ஊர்க் கிணற்றை மாற்றுவது இன்னொரு வேலை. அவர் வாய் சொன்ன இறையியலை விட அவர் கை செய்த இறையியல் பெரியது. ஆனால் மேடைப் பிரசங்கம் கையை முன்னுரையாக்கி, வாயை நூலாக்கிவிட்டது. மருந்து தூண்டில், சுவிசேஷம்தான் சாரம் என்று ஆக்கிவிட்டது. கிறித்தவத்தை எதிர்ப்பவர்களும் மருந்தைத் தூண்டில் என்றுதான் சொல்கிறார்கள் என்பது வேடிக்கை. இரண்டு தரப்பும் ஒரே மாதிரிதான் வாசிக்கின்றன.

'விசுவாசி, போதும்' என்பதற்குப் பிரசங்கிகள் வழக்கமாக எடுக்கும் பகுதி அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம். பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன், இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும் என்று பவுலையும் சீலாவையும் கேட்கிறான். பதில் 31ஆம் வசனத்தில், ஒரே வரியில் வருகிறது. பிரசங்கம் அங்கேயே நின்றுவிடும். கொஞ்சம் கீழே படித்தால் என்ன இருக்கிறது? அதே ராத்திரி அந்தக் காவலன், தான் தொழுவில் மாட்டி வைத்திருந்த கைதிகளின் அடிபட்ட காயங்களைக் கழுவுகிறான். ஞானஸ்நானம் எடுக்கிறான். பிறகு அவர்களைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சோறு போடுகிறான். சொல், புண், சோறு. மூன்றும் ஒரே ராத்திரியில், நாலு வசனத்துக்குள் நடக்கின்றன. எளிமை என்றால் இதுதான் எளிமை. நமக்குக் கிடைத்த எளிமை பாதியில் நிறுத்தப்பட்ட எளிமை. மலையில் சொல்லும் புண்ணும் வந்தன. சமவெளிச் சபைகளிலோ சொல்லிலிருந்து சோற்றுக்குப் போகும் வழியில் சாதி உட்கார்ந்துகொண்டது.

இதை வரலாற்றிலிருந்தே காட்டலாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) தமிழ்ச் சீர்திருத்த சபையின் பெருங்கவிஞர். இன்றும் அவர் கீர்த்தனைகளைப் பாடாத சபை கிடையாது. 1820களின் இறுதியில், புதிதாக வந்த மிஷனரிகள் சபையில் சாதி பார்க்கக்கூடாது, கலந்து உட்கார வேண்டும், கலந்து சாப்பிட வேண்டும் என்று வற்புறுத்தியபோது, அவரும் தஞ்சை வேளாளக் கிறித்தவர்களும் எதிர்த்து எழுதினார்கள். அவர்கள் வாதத்தின் சாரம் என்ன? சாதி என்பது உலக வழக்கம், ஆத்தும இரட்சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று உத்தரவிட்டபோது பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கத்தோலிக்கரிலும் இதே கதைதான். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்குச் சாதி பிரித்து எழுப்பிய சுவரை 1910இல்தான் இடித்தார்கள்.

இரட்சிப்பு எளிது என்கிற வாதம் இங்கே சாதிக்குக் காவல் நிற்கிறது. 'நம்பினால் போதும்' என்று சொன்னால், நம்பிவிட்ட வேளாளரை வேறெதுவும் கேட்க முடியாது. அவர் நிலம், அவர் பந்தி, அவர் கல்லறை எல்லாம் இரட்சிப்புக்கு வெளியே பத்திரமாக இருந்துகொள்ளும். ஆதிக்க சாதிக்காரருக்கு இரட்சிப்பு நிஜமாகவே எளிதுதான். எதையும் இழக்க வேண்டியதில்லை அல்லவா!

தலித்துக்கு? அம்பேத்கர் இதைத்தான் கேட்டார். மதம் மாறிய தீண்டப்படாதவர்களின் நிலை பற்றி அவர் எழுதி வைத்து, அவர் மறைவுக்குப் பிறகு அச்சான கட்டுரையில் கூர்மையான ஒரு விமர்சனம் இருக்கிறது. மனிதன் விழுந்தது அவன் பாவத்தால் என்று போதிக்கும் மதம், தீண்டப்படாதவன் விழுந்து கிடப்பது அவனைச் சுற்றியுள்ள அநியாயமான சமூக அமைப்பால் என்பதை மறைத்துவிடுகிறது. தன் துன்பத்துக்குத் தன் பாவமே காரணம் என்று நம்புகிறவன் எதிர்த்து எழமாட்டான் என்பது அதன் சாரம். கிணற்றுப் புழுவோடு சேர்த்துப் பாருங்கள். புண்ணுக்குக் காரணம் கிணறு என்று சொல்லாமல் உன் கால் என்று சொன்னால் எப்படியிருக்கும்?

இப்போது மலையையும் அடிவாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எழுபது கொண்டை ஊசி வளைவுதான் இடையில். மேலே கொல்லிமலை மலையாளி ஞானஸ்நானம் எடுத்தால் அவர் பழங்குடிப் பட்டியலிலேயே இருக்கிறார். பழங்குடிக்குச் சட்டம் மதம் கேட்பதில்லை. கீழே பறையரோ அருந்ததியரோ அதே ஞானஸ்நானத்தை எடுத்தால் 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாவது பத்தி அவரைப் பட்டியல் சாதியிலிருந்து தூக்கிவிடுகிறது. அந்தப் பத்தி 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் நாம் 'பிற்படுத்தப்பட்டோர்' ஆகிவிடுகிறோம். தண்ணீர் ஒன்று, முழுக்கு ஒன்று, சான்றிதழ் மட்டும் இரண்டு. பழங்குடிக் கிறித்தவரையும் பட்டியலை விட்டு நீக்கு என்று இப்போது கிளம்பியிருக்கும் குரல் வென்றால் மலைக்கும் இதே கதிதான்.

1985இல் உச்ச நீதிமன்றத்தில் சூசை வழக்கு. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர். பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை அவருக்குக் கிடையாது என்றார்கள். மதம் மாறிய பிறகும் சாதிக்கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்றது நீதிமன்றம். கையிலிருந்த ஊசியும் நூலும் நிரூபணம் ஆகவில்லை! 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. நடக்கவில்லை. 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் வந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஒன்றிய அரசுக்கு அனுப்பியது. 2024 நவம்பர் 26இல் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், உண்மையான நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மதம் மாறுவது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறாரா என்பதெல்லாம் சாட்சியமானது. தெய்வத்துக்கும் மனுசனுக்கும் நடுவில் ஆள் வேண்டாம் என்று பிறந்த மதத்தில், விசுவாசத்தைச் சோதிக்கும் வேலை இப்போது அரசாங்கத்துக்கு வந்திருக்கிறது.

எங்கள் சொந்தத்தில் பெரியவர்கள் பல பேருக்கு ரெண்டு பேர் உண்டு. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒன்று, சபைப் பதிவேட்டில் ஒன்று. சான்றிதழுக்குப் போய் நின்ற ஓர் அலுவலகத்தில், மேசைக்குப் பின்னாலிருந்தவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, சிலுவை போட்டிருக்கிறாயா என்று கேட்டார். ஊருக்குள் டீக்கடையில் யாரும் கழுத்தைப் பார்த்ததில்லை. அங்கே தெருப் பெயர் கேட்டாலே போதும்.

சரி, அப்படியானால் நம் முன்னோர் ஏமாந்து போனார்களா? இப்படி முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் ஆயாவிடம் ஒருதரம் கேட்டேன், "ஏன் ஆயா வேதத்துல சேந்தீங்க?" ஆயா சொன்னது: "கோயிலுக்குப் போனா எட்டி நில்லுன்னான். இவங்க உள்ள வான்னாங்க கண்ணு. அம்புட்டுத்தான்." சடங்கு இல்லை, தீட்டு இல்லை, நடுவில் அய்யர் இல்லை, காசு இல்லை. உள்ளே வா. தலைமுறை தலைமுறையாக 'எட்டி நில்' கேட்ட காதுக்கு இந்த எளிமை எத்தனை பெரிய புரட்சி என்பதை நூலகத்தில் உட்கார்ந்து விமர்சிப்பவரால் அளக்க முடியாது. ஆயா அதோடும் நிறுத்தவில்லை. "உள்ள வந்தோம். சாமி ஒண்ணுதான், சோத்துப் பானைதான் இன்னும் ரெண்டா இருக்குது" என்றது. அம்பேத்கரைப் படிக்காத ஆயா அது.

அந்த இரண்டாவது பானையைத்தான் தலித் இறையியலும் தலித் எழுத்தும் கேள்வி கேட்டன. 1981இல் அரவிந்த் நிர்மல் பெங்களூரில் தொடங்கிவைத்த பேச்சைத் தமிழில் மண்ணோடு பிசைந்தவர் அரசரடி இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு. நமக்குப் பறட்டை அண்ணன் (1940-2005). கர்நாடக ராகத்தில் உட்கார்ந்திருந்த ஆராதனையைப் பறைக்கும் நாட்டுப்புற மெட்டுக்கும் இறக்கினார். 'ஒரே உலை' என்றார். எல்லாரும் கொண்டு வந்ததை ஒரே பானையில் பொங்கி எல்லாரும் தின்பதே அவருக்கு இரட்சிப்பின் அடையாளம். சிறைக்காவலன் வீட்டுப் பந்தி தமிழில் இப்படித்தான் எழுதப்படும். பாமாவின் 'கருக்கு' (1992) மடத்துச் சுவருக்குள் இருந்த பானைகளை எண்ணிக் காட்டியது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. ஆரோக்கியம் கிறித்தவப் பெண், புதிரை வண்ணார். அவள் துணி வெளுப்பதும் சோறெடுப்பதும் நம் தெருவில். இந்த நாவல் வந்தபோது நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் விமர்சனத்துக்கு உட்படுத்த வேண்டும். இயக்கம், விடுதலை என்று பேசும் நாம், நம் சேரிக்குள் பறையர் பானை, அருந்ததியர் பானை, வண்ணார் பானை என்று தனித்தனியாக அடுப்பேற்றிக்கொண்டு வேளாளரை மட்டும் கேள்வி கேட்டால் செல்லாது. 'தலித் என்று சொன்னால் போதும்' என்பதும் பாதியில் நிற்கும் எளிமைதான்.

கடைசியாக மகனின் புத்தகத்துக்கு வருவோம். பால் பிராண்ட் 1946இல் இந்தியா திரும்பி வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். நோய் நேராக விரலைத் தின்பதில்லை. வலி தெரியாததால் சுடுவது, வெட்டுவது தெரியாமல் விரல் போகிறது என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர். வலி ஒரு கொடை என்பது அவர் முடிவு. வலியை மட்டுமே கொடையாகப் பெற்ற நமக்கு இந்தத் தலைப்பு முதலில் எரிச்சல் தரும். ஆனால் அவர் சொன்னதைச் சமூக உடம்புக்குப் பொருத்திப் பார்த்தால் விஷயம் தலைகீழாகிறது. ஓரிடத்து வலி இன்னோரிடத்துக்குத் தெரியாத உடம்பு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சேரியில் விழும் அடி மேடையில் பிரசங்கிப்பவருக்கு வலிக்கவில்லை என்றால், அந்தச் சபைக்கு வேண்டியது இன்னொரு மரத்துப்போகும் ஊசியல்ல. எளிய இரட்சிப்பு இங்கே பெரும்பாலும் அந்த ஊசியாகத்தான் குத்தப்பட்டிருக்கிறது.

ஆகவே பிராண்ட் கதையைத் தூக்கி எறிய வேண்டாம். முழுசாக வாசிப்போம். பூசாரிக்கு என்ன பெயர், அவர் கும்பிட்டது எந்தச் சாமி, கஞ்சி கொண்டு போனதற்கு முன்னும் பின்னும் அந்த மலை என்ன பேசியது, கிணற்றுச் சுவருக்குக் கல் சுமந்தவர் யார் என்பதையெல்லாம் மலைச்சனம் தங்கள் வாயால் சொல்லி எழுத வேண்டும். அடிவாரத்துச் சேரிகள், யார் எப்போது ஞானஸ்நானம் எடுத்தார்கள், எடுத்ததால் எதை இழந்தார்கள் என்பதைச் சான்றிதழ் நகலோடு எழுத வேண்டும். இந்தப் பக்கங்கள் அதற்காகவே இருக்கின்றன. அடுத்த தடவை யாராவது மேடையேறி இரட்சிப்பு எளிது என்றால் மறுக்காதீர்கள். எளிதுதான் அய்யா, 31ஆம் வசனத்தில் நிறுத்தாமல் 34 வரைக்கும் படியுங்கள் என்று சொல்லுங்கள். படித்து முடித்ததும், இன்று மத்தியானம் யார் வீட்டில் சாப்பாடு என்று கேளுங்கள்.